துணைவர் மறைந்தபின் சொத்து யாருக்கு?
அமெரிக்காவில் உறவினரையுடைய குடும்பங்கள் அறியவேண்டிய ஒரு சட்டம்

மரணத்தைப் பற்றி வீட்டில் வாய்திறந்து பேசுதல் அமங்கலம் என்று கருதும் வழக்கம் நம்மவரிடையே நெடுங்காலமாக உண்டு. மகளுக்குக் கலியாணம் பேசும்போது சீதன உறுதியின் ஒவ்வொரு வரியையும் நொத்தாரிசு முன்னிலையில் வாசித்துப் பார்க்கும் தந்தை, தாம் கண்மூடியபின் தம் மனைவியின் நிலை யாதாகும் என்று ஒருநாளேனும் சிந்திப்பதில்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள், இனத்தவர் இருக்கிறார்கள், காணி இருக்கிறது என்ற துணிவே இதற்குக் காரணம். ஊரில் இருக்கும்வரை இத்துணிவு ஓரளவுக்குப் பொருந்தும். கடல் கடந்து சென்று வேறொரு நாட்டின் சட்டத்தின்கீழ் வாழத் தொடங்கியபின் அது பொருந்தாது.

அமெரிக்காவிலே மகனையோ மகளையோ உடைய குடும்பங்கள் இன்று நம்மிடையே பல. அவர்கள் அங்கு வேலையில் உயர்ந்த செய்தியும், வீடு வாங்கிய செய்தியும், பிள்ளை பிறந்த செய்தியும் நமக்கு உடனுக்குடன் எட்டுகின்றன. ஆயின், கணவன் மனைவி இருவருள் ஒருவர் அமெரிக்கப் பிரஜையாகவும் மற்றவர் இலங்கைப் பிரஜையாகவும் இருந்தால், ஒருவர் மறைந்தபின் மற்றவருக்குச் சொத்து எவ்வாறு சேரும் என்ற கேள்வி அச்செய்திகளிடையே எழுவதில்லை. அக்கேள்விக்கு அமெரிக்கச் சட்டம் தனியானதொரு விடையை வைத்திருக்கிறது. அவ்விடையையும், அதனால் விளையக்கூடிய இடரையும், அவ்விடரினின்றும் குடும்பத்தைக் காக்கும் வழியையும் ஈண்டு எடுத்துரைக்க முற்படுகின்றோம்.

வரி வந்த வரலாறு

ஒருவர் இறந்ததும் அவர் விட்டுச்சென்ற சொத்தின்மீது அமெரிக்க மத்திய அரசாங்கம் ஒரு வரி விதிக்கிறது. இதனை மரணச் சொத்துவரி என்று நாம் அழைக்கலாம். இன்றுள்ள வடிவில் இவ்வரி 1916ஆம் ஆண்டிலே தோன்றியது. தொடக்கத்தில் மனைவிக்கென்று விடப்பட்ட சொத்துக்கு எவ்விதச் சலுகையும் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டிலேதான், கணவன் மனைவிக்கு அல்லது மனைவி கணவனுக்கு விட்டுச்செல்லும் சொத்தின் பொருட்டு, மொத்த ஆதனத்தின் ஏறக்குறையப் பாதியளவுவரை கழிவு கொடுக்கப்பட்டது. 1981ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் அவ்வெல்லையையும் நீக்கிவிட்டது. அதன்பின் கணவன் தன் சொத்து முழுவதையும் மனைவிக்கு விட்டு இறந்தால், அச்சொத்து எத்துணைப் பெரிதாயினும், அவ்வேளையில் ஒரு சதமேனும் வரியாகக் கொடுக்கவேண்டியதில்லை என்றாயிற்று.

இது தாராள மனத்தினால் மட்டும் செய்யப்பட்ட ஏற்பாடன்று. கணவனின் மரணத்தில் விடப்பட்ட வரியை, மனைவியின் மரணத்தின்போது அவள் ஆதனத்திலிருந்து அறவிட்டுக்கொள்ளலாம் என்பதே அரசாங்கத்தின் கணக்கு. ஒரு தலைமுறையின் சொத்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறும்போது ஒருமுறை வரி கிடைத்தாற் போதும் என்று அவர்கள் எண்ணினர்.

இக்கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. மனைவி அமெரிக்கப் பிரஜை அல்லள் என்று வைத்துக்கொள்வோம். கணவன் விட்ட செல்வத்தை எடுத்துக்கொண்டு அவள் தன் தாய்நாட்டுக்குத் திரும்பிவிட்டால், அவளுடைய மரணத்தின்போது அமெரிக்க அரசாங்கத்தின் கை அவ்வளவு தூரம் நீளாது. முதல் மரணத்திலும் வரியில்லை. இரண்டாம் மரணத்திலும் வரியில்லை. இவ்வோட்டையை அடைக்கும் பொருட்டு 1988ஆம் ஆண்டில் அமெரிக்கக் காங்கிரஸ் சபை ஒரு திருத்தத்தைச் செய்தது. அதன்படி, உயிரோடிருக்கும் துணைவர் அமெரிக்கப் பிரஜை அல்லராயின், மேற்கூறிய வரம்பற்ற கழிவு அவருக்கு விடப்பட்ட சொத்துக்குக் கிடையாது. அவ்வாண்டு நவம்பர் 10ஆம் திகதிக்குப் பின் நிகழ்ந்த மரணங்களுக்கு இவ்விதி பொருந்துகிறது.

அத்திருத்தம் எத்துணை வலிமையுடையதாயிருந்தது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். அக்காலத்தில் ஒவ்வொருவருக்கும் 6 இலட்சம் டொலர்வரை வரிவிலக்கு இருந்தது. 10 இலட்சம் டொலர் பெறுமதியான ஆதனத்தை ஒருவர் 1989ஆம் ஆண்டில் தம் மனைவிக்கு விட்டு இறந்தார் என்று கொள்வோம். மனைவி பிரஜையாயின் வரி எதுவுமில்லை. அவள் பிரஜை அல்லளாயின் 1,53,000 டொலர் செலுத்தவேண்டும். இறந்தவரும் அவரே, சொத்தும் அதுவே. வேறுபாடு விதவையின் கடவுச்சீட்டில் மட்டுமே இருந்தது.

எஞ்சியவர் எந்நாட்டுப் பிரஜை?

இங்கு மாணவர்களும் குடும்பத்தவரும் கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்றுண்டு. இறந்தவர் எந்நாட்டுப் பிரஜை என்பது இக்கழிவைத் தீர்மானிப்பதில்லை. உயிரோடு எஞ்சியிருப்பவர் எந்நாட்டுப் பிரஜை என்பதே அதனைத் தீர்மானிக்கிறது. கணவன் அமெரிக்கப் பிரஜையாக இருப்பதனால் மனைவிக்குப் பாதுகாப்பு உண்டு என்று நினைப்பது தவறு. மனைவி பிரஜையாகவும் கணவன் இலங்கையராகவும் இருந்து, கணவன் முதலில் இறந்தால் இவ்விதி குறுக்கிடாது. மனைவி முதலில் இறந்தாலோ கணவன் இவ்விதிக்குள் அகப்படுவான். யார் முந்துவர், யார் பிந்துவர் என்பது மனிதர் அறியக்கூடியதன்று. ஆதலின் இருவரையும் நோக்கியே ஏற்பாடு செய்தல் வேண்டும்.

இன்னுமொரு மயக்கம் உண்டு. நிரந்தர வதிவுக்கான அனுமதியை, அதாவது ‘கிறீன் காட்’ எனப்படுவதை வைத்திருப்போர், தாம் அந்நாட்டவர் ஆகிவிட்டதாகவே எண்ணிக்கொள்வர். முப்பது ஆண்டுகள் அங்கே வாழ்ந்து, ஆண்டுதோறும் வருமான வரி செலுத்தி, பிள்ளைகளை அங்கேயே பெற்று வளர்த்தவராயினும், சத்தியப் பிரமாணம் செய்து பிரஜையாகாதவரை இச்சட்டத்தின் கண்ணுக்கு அவர் வெளிநாட்டவரே. பிரஜாவுரிமை என்னும் சொல்லின் பாரத்தை நம் நாட்டுத் தமிழருக்கு நாம் எடுத்துரைக்கவேண்டியதில்லை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நம் மலையக மக்கள் பட்ட அல்லலை அறிந்தவர்கள், ஒரு கடதாசித் துண்டு ஒரு குடும்பத்தின் வாழ்வை எவ்வளவுக்கு மாற்றவல்லது என்பதையும் அறிவார்கள்.

இது யாரைத் தீண்டும்?

‘இது கோடீசுவரருக்கு உரிய கவலை, நமக்கு என்ன?’ என்று வாசகர் கேட்கலாம். அக்கேள்வியில் நியாயம் உண்டு. 2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கையொப்பமிடப்பட்ட சட்டத்தின்படி, 2026ஆம் ஆண்டிலே ஒருவருடைய ஆதனத்தில் 1 கோடியே 50 இலட்சம் டொலர்வரை மத்திய அரசாங்கத்தின் வரி இல்லை. அதற்கு மேற்பட்ட பகுதிக்கே நூற்றுக்கு 40 வீதம் வரி. அமெரிக்காவில் நிலையாகக் குடியிருக்கும் பெரும்பாலான குடும்பங்கள் இவ்வெல்லைக்குக் கீழேயே இருக்கும். அத்தகையோர் மத்திய வரியின் பொருட்டு அஞ்சவேண்டியதில்லை.

ஆயினும் மூன்று வகையினர் விழிப்பாக இருத்தல் வேண்டும்.

முதலாவது வகையினர், அமெரிக்கப் பிரஜையும் அல்லாமல் அங்கே நிலையான குடியிருப்பும் கொள்ளாமல், அந்நாட்டில் சொத்து மட்டும் வைத்திருப்போர். கொழும்பில் வாழ்ந்துகொண்டு, மகளின் வீட்டுக்கு அண்மையில் ஒரு வீடு வாங்கிவைக்கும் தந்தையும், அமெரிக்கக் கம்பனிகளின் பங்குகளை வாங்கிவைப்போரும் இவ்வகையினர். இவர்களுக்கு 1 கோடியே 50 இலட்சம் டொலர் விலக்குக் கிடையாது. வெறும் 60,000 டொலரே விலக்கு. அத்தொகை விலைவாசியோடு சேர்ந்து உயர்வதுமில்லை. இத்தகையவர் ஒருவர் 5 இலட்சம் டொலர் பெறுமதியான வீட்டைத் தம் மனைவிக்கு விட்டு இறந்தால், வேறு கழிவுகள் எவையும் இல்லையெனக் கொள்ளுமிடத்து, 1,42,800 டொலர் வரியாகும். மனைவி அமெரிக்கப் பிரஜையாயின் அவ்வரி இல்லை. அமெரிக்க வங்கியில் அவர் இட்டுவைத்த சாதாரண வைப்புப் பணமும், அவருடைய ஆயுள் காப்புறுதித் தொகையும் இவ்வரிக்கு உட்படா என்பது ஓர் ஆறுதல். இவ்வகை வரியில் விட்டுக்கொடுப்புச் செய்யும் உடன்படிக்கையை அமெரிக்கா பிரித்தானியா, ஜேர்மனி, யப்பான் முதலிய சில நாடுகளோடு செய்திருக்கிறது, இலங்கையோடு செய்யவில்லை.

இரண்டாவது வகையினர், தமக்கென மரணச் சொத்துவரி விதிக்கும் மாநிலங்களில் வாழ்வோர். மத்திய அரசாங்கத்தின் எல்லை உயர்ந்ததாயினும், சில மாநிலங்களின் எல்லை மிகத் தாழ்ந்தது. ஓரிகன் மாநிலத்தில் அது 10 இலட்சம் டொலர். மசாசூசெற்ஸ் மாநிலத்தில் 20 இலட்சம் டொலர். பொஸ்ரன் நகரின் சுற்றுப்புறத்தில் ஒரு வீடும், இருபது முப்பது ஆண்டுச் சேமிப்பும் உடைய வைத்தியர் அல்லது பொறியியலாளர் ஒருவர் இவ்வெல்லையை எளிதில் எட்டிவிடுவார். மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் வேறுபடுவதால், அந்தந்த மாநிலத்துச் சட்டத்தரணியையே அணுகிக் கேட்டறிதல் வேண்டும்.

மூன்றாவது வகையினர், உண்மையிலேயே பெருஞ்செல்வம் ஈட்டியவர்கள். தொழிலிலும் வாணிகத்திலும் அந்நிலையை எய்திய நம்மவரும் அங்கே உளர். அவர்கள் ஒன்றை மறத்தலாகாது. அமெரிக்கப் பிரஜையாகவோ அங்கு நிலையாகக் குடியிருப்பவராகவோ இருந்து இறப்பவரின் சொத்தைக் கணக்கிடும்போது, உலகின் எப்பாகத்தில் உள்ள சொத்தும் சேர்த்தே கணக்கிடப்படும். மானிப்பாயில் உள்ள முதுசக் காணியும், வெள்ளவத்தையில் உள்ள வீடும் அக்கணக்கினின்றும் தப்பா.

நம்பிக்கைப் பொறுப்பு என்றால் என்ன?

கதவை அடைத்த அதே 1988ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு சிறு வாயிலையும் திறந்துவைத்தது. விதவைக்கு உரிய சொத்தை அவள் கையில் நேரே கொடாமல், அமெரிக்காவில் அமைந்த ஒரு நம்பிக்கைப் பொறுப்பில் வைத்தால், கழிவு மீண்டும் கிடைக்கும் என்பதே அது. அந்நாட்டுச் சட்டத்தரணிகள் இதனைச் சுருக்கமாகக் ‘கியூ டொட்’ என்பர். தகைமை பெற்ற உள்நாட்டு நம்பிக்கைப் பொறுப்பு என்று நாம் தமிழில் கூறலாம்.

நம்பிக்கைப் பொறுப்பு என்னும் கருத்து நமக்குப் புதியதன்று. நம் கோயில்களின் வயலும் வளவும் தருமகர்த்தாவின் நிருவாகத்தில் இருக்கின்றன. அவர் அவற்றைக் காக்கிறார், குத்தகைக்குக் கொடுக்கிறார், கணக்கு வைக்கிறார். ஆயினும் அவற்றின் பயன் அவருக்கு உரியதன்று, கோயிலுக்கே உரியது. ஆளும் உரிமை ஒருவரிடமும் அனுபவிக்கும் உரிமை மற்றொருவரிடமும் இருப்பதே நம்பிக்கைப் பொறுப்பின் சாரம். இங்கிலாந்திலே மத்திய காலத்தில் நிலவுடைமையாளர்கள் தம் குடும்பத்தின் நன்மைக்காகத் தம் நிலத்தை நண்பர் பெயரில் மாற்றிவைத்த வழக்கத்திலிருந்து இம்முறை வளர்ந்தது. நண்பர் நம்பிக்கைத் துரோகம் செய்தபோது, பாதிக்கப்பட்டோரின் முறையீட்டைச் சான்சலரின் நீதிமன்றம் ஏற்று நீதி வழங்கிற்று. நம் நாட்டிலும் 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம் இதற்கென உளது.

நிபந்தனைகள்

அமெரிக்கச் சட்டம் வேண்டும் நிபந்தனைகளுள் முக்கியமானவை வருமாறு. பொறுப்பாளருள் ஒருவராவது அமெரிக்கப் பிரஜையாகவோ, அமெரிக்காவில் அமைந்த வங்கி போன்ற கூட்டுத்தாபனமாகவோ இருத்தல் வேண்டும். முதலிலிருந்து எதனைக் கொடுப்பதாயினும், அதற்குரிய வரியைப் பிடித்துக்கொள்ளும் அதிகாரம் அவருக்கு இருத்தல் வேண்டும். இறந்தவரின் ஆதனத்தை நிருவகிப்பவர், வரிப் பத்திரத்தை அனுப்பும்போது, இம்முறையைத் தெரிந்தெடுப்பதாக அறிவித்தல் வேண்டும்; அவ்வறிவிப்பைப் பின்னர் மாற்ற இயலாது. பொறுப்பில் உள்ள சொத்து 20 இலட்சம் டொலருக்கு மேற்பட்டால், அமெரிக்க வங்கி ஒன்று பொறுப்பாளராக இருத்தல் வேண்டும். இன்றேல் சொத்தின் மதிப்பில் நூற்றுக்கு 65 வீதத்துக்குப் பிணைமுறியோ வங்கியின் உறுதிக் கடிதமோ கொடுத்தல் வேண்டும். 20 இலட்சத்துக்கு உட்பட்ட பொறுப்பில் இத்தகைய பிணை எதுவும் இல்லையாயின், அந்நாட்டுக்கு வெளியேயுள்ள காணி பூமியின் மதிப்பு நூற்றுக்கு 35 வீதத்தை மிஞ்சலாகாது. ஊரிலுள்ள வளவையே பெருஞ்சொத்தாக உடையோர் இவ்விதியைக் கவனித்தல் நன்று.

விதவைக்குக் கிடைப்பது என்ன? தென்னந்தோட்டம் ஒன்றை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். தோட்டம் பொறுப்பாளரின் காவலில் இருக்கிறது. விழும் தேங்காய் விதவைக்கு உரியது. வாடகை, வட்டி, பங்குலாபம் ஆகிய வருமானம் அவளுக்கு ஆண்டுதோறும் கொடுக்கப்படும். அதற்கு வருமான வரி உண்டேயன்றி மரணச் சொத்துவரி இல்லை. ஆனால் மரத்தையே தறித்துக் கொடுத்தால், அதாவது முதலிலிருந்து ஒரு தொகையை அவளுக்கு வழங்கினால், அத்தொகைக்கு மரணச் சொத்துவரி உடனே பிறக்கிறது. கணவனின் ஆதனத்தோடு அத்தொகை சேர்ந்திருந்தால் எவ்வளவு வரி விழுந்திருக்குமோ அவ்வளவே அறவிடப்படும்.

இதற்கு இரக்கத்தின்பாற்பட்ட ஒரு விலக்கும் உண்டு. விதவையின் உடல்நலம், பராமரிப்பு, கல்வி, வாழ்க்கைச் செலவு ஆகியவற்றின் பொருட்டோ, அவள் சட்டப்படி தாங்கவேண்டியவரின் பொருட்டோ, அவசரமும் பெரிதுமான ஒரு தேவை நேர்ந்து, அதற்கு வேறு வழியும் இல்லையாயின், முதலிலிருந்து கொடுக்கப்படும் தொகைக்கு இவ்வரி இல்லை. வேறு சொத்தை எளிதில் விற்றுத் தேவையைத் தீர்த்துக்கொள்ளக் கூடியவளுக்கு இவ்விலக்குக் கிடையாது.

விதவையும் காலமானபின், பொறுப்பில் எஞ்சியுள்ள சொத்துக்குக் கணவனின் ஆதனத்தைச் சேர்ந்ததாகவே வரி கணக்கிடப்படும். எனவே இம்முறையினால் கிடைப்பது ஒத்திவைப்பே; தள்ளுபடி அன்று. ஆயினும் ஒத்திவைப்பின் அருமை சிறிதன்று. கணவனை இழந்த ஒன்பது மாதத்துக்குள் வீட்டை விற்று வரி கட்டவேண்டிய நிலைக்கும், அதே வீட்டில் தன் ஆயுள்முழுவதும் அமைதியாக வாழும் நிலைக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்த்தால் அது விளங்கும்.

மரண சாசனம் எழுதாவிடின்?

கணவன் மரண சாசனம் எழுதாமலே இறந்துவிட்டாலும், அல்லது எழுதியும் நம்பிக்கைப் பொறுப்பைப் பற்றிக் குறிப்பிடாது விட்டாலும், எல்லாம் முடிந்துவிட்டது என்று மனந்தளரவேண்டியதில்லை. வரிப் பத்திரம் அனுப்பப்படுமுன், விதவை தனக்குக் கிடைத்த சொத்தைத் தானே அத்தகைய பொறுப்பு ஒன்றுக்கு மாற்றிக் கொடுக்கலாம். அல்லது மாற்றுவதாக மீளாத உறுதி எழுதிக் கொடுக்கலாம். பத்திரத்துக்குரிய தவணை மரணத்திலிருந்து 9 மாதம்; விண்ணப்பித்தால் மேலும் 6 மாதம் கிடைக்கும்.

15 மாதம் நீண்ட காலமாகத் தோன்றலாம். ஆனால் துயரில் ஆழ்ந்திருக்கும் ஒருத்தி, கணக்குப் புத்தகங்கள் எங்கே இருக்கின்றன என்பதையே அறியாதவளாயின், அக்காலம் விரைவில் ஓடிவிடும். அந்தியேட்டி முடிந்து, ஆண்டுத் திதியும் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டால் வாயில் மூடப்பட்டுவிடும்.

ஓய்வூதியக் கணக்குகளும் காப்புறுதிப் பத்திரங்களும் மரண சாசனத்தின்படி செல்வதில்லை என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அவற்றின் படிவத்தில் யார் பெயர் நியமனம் செய்யப்பட்டிருக்கிறதோ அவருக்கே அவை நேரே செல்லும். கலியாணத்துக்கு முன் தாயின் பெயரை எழுதிக் கொடுத்த இளைஞன், கலியாணத்தின் பின் அப்படிவத்தை மீண்டும் எடுத்துப் பார்ப்பது கடமை.

பிரஜையாகிவிடுதல்

இத்துணை ஏற்பாடும் எதற்கு, மனைவி பிரஜையாகிவிட்டால் என்ன என்று கேட்கலாம். அதுவும் ஒரு வழியே. வரிப் பத்திரம் அனுப்பப்படுமுன் அவள் பிரஜையாகி, கணவன் இறந்த நாள்தொட்டு அமெரிக்காவிலேயே வதிந்துமிருந்தால், நம்பிக்கைப் பொறுப்பு வேண்டியதில்லை. பின்னர் பிரஜையானாலும், சில நிபந்தனைகளின்கீழ், பொறுப்பிலுள்ள சொத்து அத்தனி வரியினின்றும் விடுபடும்.

ஆயின் நினைத்தவுடன் எய்தக்கூடிய நிலையன்று அது. நிரந்தர வதிவு பெற்றோர் சாதாரணமாக 5 ஆண்டு காத்திருத்தல் வேண்டும். அமெரிக்கப் பிரஜையை மணந்து அவரோடு வாழ்பவருக்கு 3 ஆண்டு போதும். இச்சலுகையிலே ஒரு கொடுமை மறைந்திருக்கிறது. மனைவி பிரஜையாகுமுன் கணவன் இறந்துவிட்டால் இம்மூன்றாண்டுச் சலுகையும் அவனோடு மறைந்துவிடும். அவள் ஐந்தாண்டு முறைக்கே திரும்பவேண்டும். எந்த நேரத்தில் பிரஜாவுரிமை மிகவும் வேண்டப்படுகிறதோ, அந்த நேரத்திலேயே அதற்கான குறுக்குவழி அடைபடுகிறது.

தாய்நாட்டுப் பிரஜாவுரிமையை விட மனமில்லாதோரும் பலர். அதனை வெறும் உணர்ச்சி என்று நாம் ஒதுக்கிவிட மாட்டோம். பெற்றோர் அடக்கமான மண்ணோடு உள்ள தொடர்பு அது. மேலும், வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதை 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் நம் நாட்டில் கட்டுப்படுத்துகிறது. பிறநாட்டுப் பிரஜாவுரிமையை ஏற்பவர் இலங்கைப் பிரஜாவுரிமையை இழப்பார் என்பதும் சட்டமே. எனினும் விண்ணப்பித்து இரட்டைப் பிரஜாவுரிமை பெறுவதற்கு இலங்கைச் சட்டம் இடமளிக்கிறது. இதனை அறியாமல், ஊர்க்காணி போய்விடும் என்னும் அச்சத்தால் அங்கு பிரஜையாகாது இருப்போர், இரு நாட்டு விதிகளையும் கேட்டறிந்தபின் முடிவு செய்வது நலம்.

வாழும்போதே செய்யக்கூடியவை

கணவன் மனைவிக்கு உயிரோடிருக்கும்போது கொடுக்கும் நன்கொடையிலும் இதே வேறுபாடு உண்டு. பிரஜையான மனைவிக்கு எவ்வளவும் கொடுக்கலாம். பிரஜையல்லாத மனைவிக்கு ஆண்டொன்றுக்கு ஓர் எல்லைவரையே வரியின்றிக் கொடுக்கலாம். 2025ஆம் ஆண்டில் அவ்வெல்லை 1,90,000 டொலர். 2026ஆம் ஆண்டில் 1,94,000 டொலர். செல்வமுடையோர் ஆண்டுதோறும் இவ்வாறு கொடுத்துவந்தால், பத்தாண்டில் பெருந்தொகை ஒன்று மனைவியின் சொந்தச் சொத்தாகிவிடும்.

இருவர் பெயரிலும் எழுதப்பட்ட வீட்டைப் பற்றியும் ஒரு சொல். எஞ்சியவர் பிரஜையாயின், அவ்வீட்டின் பாதி மட்டுமே இறந்தவரின் ஆதனமாகக் கொள்ளப்படும். எஞ்சியவர் பிரஜை அல்லராயின் வீடு முழுவதும் இறந்தவருடையதாகவே கொள்ளப்படும்; தாம் கொடுத்த பணம் இவ்வளவு என்று எஞ்சியவர் நிரூபித்தால் அந்த அளவுக்கே கழிக்கப்படும். தாதியாக இராவேலை செய்து, வீட்டுக் கடனின் பாதியைத் தன் சம்பளத்தால் அடைத்த பெண்ணும், அதற்குச் சான்று வைத்திராவிட்டால், அவ்வீட்டில் ஒரு செங்கல்லேனும் தன் பணத்தால் வந்ததென்று காட்ட முடியாது. ஆகவே வங்கிக் கணக்குத் தாள்களையும், கடன் அடைத்த பற்றுச்சீட்டுகளையும், சம்பளச் சீட்டுகளையும் பல ஆண்டுகள் கடந்தபின்னும் பேணிவைத்தல் அவசியம்.

கலிபோர்னியா, ரெக்சாஸ், வாஷிங்ரன் முதலிய ஒன்பது மாநிலங்களில் நிலைமை சற்று வேறு. அங்கே கலியாணத்தின் பின் இருவர் உழைப்பாலும் வந்த சொத்து இருவருக்கும் சரிபாதியாக உரியது. நம் தேசவழமையிலுள்ள தேடியதேட்டத்தை இது நினைவூட்டுகிறது. அம்மாநிலங்களில் மனைவியின் பாதி முன்னரே அவளுடையது. கணவனின் பாதியே அவன் ஆதனம். நம்மவரின் பழைய வழமையும் அந்நாட்டு மாநிலச் சட்டமும் ஓரிடத்திலே சந்திப்பதை மாணவர்கள் கவனிக்கலாம்.

நியாயம் எது?

பிரஜையான விதவை எந்நாட்டுக்குச் சென்றாலும் அவள் சொத்துமீது அமெரிக்காவுக்கு உரிமை தொடர்கிறது. பிரஜையல்லாதவள் மீது அவ்வுரிமை தொடர்வதில்லை. இந்த அளவில் சட்டத்தின் எச்சரிக்கைக்குக் காரணம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. எனினும், போகக்கூடும் என்ற ஐயத்தின் பேரில், போகாதவளும் பொறுப்பாளரின் கையை எதிர்பார்த்து வாழவேண்டியிருக்கிறது. வங்கிக்குக் கட்டணம் கொடுக்கவேண்டும். ஆண்டுதோறும் கணக்குகள் எழுதப்படவேண்டும். தன் கணவனின் பணத்தைக் கேட்டுப் பெறுவதற்குக் காரணம் கூறவேண்டும். இது ஒரு பெண்ணுக்கு எளிய நிலையன்று.

ஆதலினாலேயே பொறுப்பாளரைத் தெரிவுசெய்யும்போது மனைவியின் கருத்தையும் கேட்டல் வேண்டும் என்று வற்புறுத்துகின்றோம். பிரஜையான மூத்த மகனைப் பொறுப்பாளனாக்கினால் செலவு குறையும் என்பது உண்மை. ஆயின் தாய் மகனிடம் கைநீட்டும் நிலையும், முதலைச் செலவிடாமல் வைத்திருந்தால் பின்னர் தனக்கே வரும் என்று மகன் எண்ணும் நிலையும் அதனுடன் சேர்ந்தே வரக்கூடும். மகனோடு வங்கி ஒன்றையும் இணைப்பொறுப்பாளராக வைத்தால் இருவர் மனமும் நோகாது. எவ்வாறாயினும், அந்நாட்டில் இத்துறையில் தேர்ந்த சட்டத்தரணி ஒருவரைக் கொண்டே பத்திரம் எழுதுவித்தல் வேண்டும். ஊரில் எழுதிய மரண சாசனம் ஒன்றே போதும் என்று இருத்தலாகாது.

அமெரிக்காவில் பிள்ளைகளையுடைய பெற்றோருக்கு நாம் கூறுவது இதுவே. அடுத்த முறை அவர்களோடு பேசும்போது, வீட்டின் விலையையும் காரின் வகையையும் கேட்பதோடு நில்லாது, மூன்று கேள்விகளையும் கேளுங்கள். உங்கள் இருவருள் யார் அந்நாட்டுப் பிரஜை? மரண சாசனம் எழுதியிருக்கிறீர்களா. அதில் பிரஜையல்லாதவருக்கு நம்பிக்கைப் பொறுப்பு உண்டா? பத்திரங்கள் இருக்குமிடம் இருவருக்கும் தெரியுமா? கேட்பதற்குச் சற்றுக் கூச்சமாக இருக்கலாம். இருவரும் நலமாக இருக்கும் நாளிலே கேட்டால், அமைதியாக இருந்து பதில் கூற அவர்களுக்கு நேரம் இருக்கும். ஒருவர் மறைந்தபின் அதே கேள்விகளை வரி அதிகாரி கேட்பார். அப்போது பதில் கூறவேண்டியவர் துணையை இழந்து தனித்து நிற்பவரே.